அடையில் முட்டை இருக்கிறதா?

இடம் ஒத்துவராவிட்டால் இந்தியத் தேனீ போய்விடும். பெட்டி புதியதாக இருக்கலாம், நல்ல மரத்தில் இழைத்துச் செய்ததாக இருக்கலாம், வாங்கியவர் தினமும் வந்து பார்த்துப் பூரித்துக்கொண்டிருக்கலாம். அதெல்லாம் அதற்குப் பொருட்டில்லை. ஒருநாள் வெயில் ஏறும் நேரத்தில் கூட்டம் முழுவதும் வாசல் வழியாகப் பொங்கி வரும், பக்கத்து மரக்கிளையில் கொஞ்ச நேரம் கொத்தாகத் தொங்கும், பிறகு கிளம்பிவிடும். திறந்து பார்த்தால் அடையில் சொட்டுத் தேன் இருக்காது. புதிதாகத் தேனீ வளர்க்க வருகிறவர்கள் எல்லோரும் கொட்டுக்குத்தான் பயப்படுகிறார்கள். ஆனால் முதல் வருஷத்தில் பலர் இந்தத் தொழிலையே விட்டுவிடுவதற்குக் காரணம் அந்தக் காலிப் பெட்டி.

இதைத் தேனீயின் குறையாக எண்ணுவது சரியில்லை. ஐரோப்பியத் தேனீ உருவான நாடுகளில் குளிர்காலம் மாதக்கணக்கில் நீளும். அப்போது வெளியே பூவும் கிடையாது, பறக்கவும் முடியாது. கோடையிலேயே கிலோக்கணக்கில் தேனைச் சேர்த்து வைத்துக்கொண்டு, ஒன்றோடொன்று நெருங்கி உள்ளேயே கிடக்கத் தெரிந்த கூட்டம் மட்டுமே அங்கே அடுத்த வசந்தத்தைப் பார்க்கும். வெப்பமண்டலத்தில் நிலைமை வேறு. இந்தச் சரிவில் பூ ஓய்ந்தால் சில கிலோமீட்டர் தள்ளி இன்னொன்று பூத்திருக்கும். மழை, எறும்பு, குளவி, தேனெடுக்கும் மனிதர் என்று எதிரிகளும் அதிகம். இங்கே சேமிப்பைக் கட்டிக்கொண்டு காத்திருப்பதைவிட, இருப்பதை வயிற்றில் நிரப்பிக்கொண்டு இடம் மாறுவதுதான் பிழைக்கும் வழி. பல்லாயிரம் ஆண்டுகளாக அப்படிப் பிழைத்து வந்த பூச்சியிடம், ஓர் ஆள் கொண்டுவந்து வைத்த பெட்டியிலேயே இரு என்று கேட்கிறோம். முதல் வருஷத்து வேலை எல்லாமே அது போவதற்கான காரணங்களை ஒவ்வொன்றாக நீக்குவதுதான். தேன் அதற்குப் பின்னால் வரும்.

நம் ஊரில் கொட்டும் தேனீக்களில் மலைத்தேனீயும் கொம்புத்தேனீயும் திறந்த வெளியில் ஒற்றை அடை கட்டுபவை. அவற்றைப் பெட்டிக்குள் பழக்க முடியாது. அடுக்குத்தேனீ என்று நாம் சொல்லும் இந்தியத் தேனீ மட்டும்தான் மரப்பொந்து, பாறை இடுக்கு, பழைய பானை போன்ற இருட்டான இடத்தில் ஒன்றன் பக்கத்தில் ஒன்றாகப் பல அடைகளைக் கட்டும். அதனால்தான் பெட்டி சாத்தியமாயிற்று. ஐரோப்பியத் தேனீயின் ஒரு வகையான இத்தாலியத் தேனீயும் அப்படித்தான். வடக்கே பெரிய பண்ணைகளில் பெரும்பாலும் இருப்பது அதுதான். ஆனால் வீட்டுக் கொல்லையில் ஒன்றிரண்டு பெட்டி வைக்க நினைப்பவருக்கு, அதுவும் கன்னியாகுமரி மாவட்டம் போன்ற இடத்தில், இந்தியத் தேனீயே ஏற்றது. அந்த மண்ணுக்கும் மழைக்கும் பழகியது அது.

இனி சொல்வதெல்லாம் குமரி மாவட்டத்தை மனதில் வைத்தே. தேனீ வளர்ப்பு அங்கே ஏறத்தாழ நூறு ஆண்டுப் பழக்கம். திருச்சி தூய வளனார் கல்லூரியைச் சேர்ந்த இயேசு சபைத் துறவி நியூட்டன், 1911 முதல் 1917 வரையிலான ஆண்டுகளில் இந்தியத் தேனீயின் சிறிய உடலுக்குத் தக்கபடி ஒரு சிறிய பெட்டியை வடிவமைத்துப் பலருக்கும் பயிற்சி தந்தார். 1920களில் மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ.வின் கிராம மறுசீரமைப்பு மையத்தை நடத்திய ஸ்பென்சர் ஹாட்ச், தேனீப்பெட்டியை அந்த வட்டாரத்துக் குடியானவர்களின் வீட்டு வாசல்வரை கொண்டுசேர்த்தார். மார்த்தாண்டம் தேனுக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்ததற்குப் பின்னால் இந்த நூறாண்டு உழைப்பு இருக்கிறது.

எந்தப் பெட்டியானாலும் அதன் அடிப்படை ஒரே ஒரு இடைவெளிதான். 1851இல் அமெரிக்காவில் லாங்ஸ்ட்ராத் அதைக் கவனித்தார். இரண்டு பரப்புகளுக்கு நடுவே ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவான சந்து இருந்தால், தேனீ அதை நடைபாதையாக விட்டுவிடும். அதைவிட அகலமாக இருந்தால் அடை கட்டி அடைத்துவிடும். சட்டங்களுக்கு நடுவிலும், சட்டத்துக்கும் பெட்டிச் சுவருக்கும் நடுவிலும் இந்த அளவு சரியாக அமைந்தால் எந்தச் சட்டத்தையும் உடைக்காமல் தூக்கிப் பார்க்கலாம், திரும்ப வைக்கலாம். அளவு தெரியாத தச்சர் செய்த மலிவுப் பெட்டியில் அடைகள் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டிக்கொள்ளும். ஒரு சட்டத்தை எடுத்தால் இரண்டு அடை கிழியும். பெட்டியில் காசு மிச்சம் பிடிக்க வேண்டாம் என்று நான் யாரிடமும் சொல்வது இதனால்தான். மற்றபடி உறுப்புகள் எளியவை: அடிப்பலகை, அதன்மேல் ஆறேழு சட்டங்கள் கொண்ட புழு அறை, அதற்கும் மேலே பருவத்தில் மட்டும் வைக்கும் தேன் அறை, மூடி.

வாங்குவதற்கு நல்ல காலம் அக்டோபர், நவம்பர். தென்மேற்குப் பருவமழை ஓய்ந்து செடிகொடிகள் பூக்கத் தொடங்கும். பழைய வளர்ப்பாளர்கள் தங்கள் பெட்டிகளைப் பிரித்து விற்பதும் அப்போதுதான். ஜனவரிக்குள் கூட்டம் பெருக இரண்டு மூன்று மாதம் கையில் இருக்கும். வாங்கும்போது நான்கு சட்டத்திலாவது தேனீ அடர்ந்து மூடியிருக்கிறதா, அடை வெளிர் நிறமாகப் புதிதாக இருக்கிறதா என்று பாருங்கள். கறுத்துத் தடித்த பழைய அடை வேண்டாம். முடிந்தால் ஒன்றுக்கு இரண்டு பெட்டியாக வாங்குங்கள். தேன் இரட்டிப்பாகும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. ஒரு பெட்டி தளர்ந்தால் மற்றதிலிருந்து ஒரு சட்டம் புழு எடுத்துக் கொடுத்து மீட்கலாம். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தால் எது இயல்பு, எது கோளாறு என்றும் சீக்கிரம் விளங்கும். ஒற்றைப் பெட்டிக்காரருக்கு இந்த இரண்டு வசதியும் இல்லை.

வைக்கும் இடத்தில் காலை வெயில் படவேண்டும், உச்சி வெயில் படக்கூடாது. தென்னையும் ரப்பரும் வாழையும் கலந்த குமரித் தோட்டங்களில் அப்படி ஓரிடம் எளிதில் கிடைக்கும். பெட்டியைத் தாங்கும் காலைச் சுற்றி எறும்பு ஏறாதபடி தண்ணீர்க் கிண்ணம் கட்டாயம். அந்தத் தண்ணீரில் ஒரு காய்ந்த இலை விழுந்து பாலமாகிவிட்டால் போதும், ஒரே இரவில் எறும்பு உள்ளே போய்விடும்; மறுநாள் தேனீ வெளியே போய்விடும். பக்கத்தில் ஓடையோ, கூழாங்கல் போட்ட தண்ணீர்த் தட்டோ இருந்தால் நல்லது. வெயில் காலத்தில் தேனீ தண்ணீரைக் கொண்டுவந்து அடைமேல் தெளித்து, சிறகால் விசிறித்தான் கூட்டைக் குளிர்விக்கும். புழு இருக்கும் பகுதியின் வெப்பம் 33 முதல் 36 டிகிரி செல்சியஸுக்குள் நிற்கவேண்டும். வாசலில் விசிறும் இந்தியத் தேனீயைக் கவனியுங்கள்: தலை வெளிப்பக்கம் பார்த்திருக்கும், காற்று உள்ளே போகும். இத்தாலியத் தேனீ இதற்கு நேர்மாறு. அது உள்பக்கம் தலைவைத்துக் காற்றை வெளியே தள்ளும்.

பெட்டியை வாரத்துக்கு ஒருமுறை, பத்து நாளுக்கு ஒருமுறை திறந்தால் போதும். ஆசையில் தினமும் திறப்பது தொந்தரவு. தொந்தரவும் கிளம்பிப் போவதற்கு ஒரு காரணம்தான். மழையில்லாத நாளில், வேலைத்தேனீக்கள் வெளியே போயிருக்கும் முற்பகலில் திறப்பது நல்லது. தேங்காய் நாரைப் பற்றவைத்து வாசலில் இரண்டு ஊது, மூடிக்கடியில் ஓர் ஊது, அதற்குமேல் வேண்டாம். ஆபத்தை அறிவிக்கத் தேனீக்கள் விடும் வாசனையைப் புகை மறைக்கிறது. தீ வந்துவிட்டதோ என்று அவை தேனைக் குடித்து வயிற்றை நிரப்பிக்கொள்வதும் நடக்கும். வயிறு நிறைந்த தேனீ அவ்வளவாகக் கொட்டாது. ஆனால் இந்தியத் தேனீக்குப் புகை மிஞ்சினால் அடையை விட்டு ஓடத்தொடங்கிவிடும். பிறகு எதையும் பார்க்க முடியாது.

கொட்டு எப்படியும் ஒன்றிரண்டு கிடைக்கும். கொடுக்கில் பின்னோக்கிய முட்கள் இருப்பதால் அது தோலிலேயே மாட்டிக்கொள்ளும். கூடவே விஷப்பையும் பிய்ந்து வந்து துடித்துக்கொண்டிருக்கும். நகத்தால் உடனே சுரண்டி எடுத்துவிட்டால் உள்ளே இறங்கும் விஷம் குறையும். கொட்டிய இடத்தில் பழுத்த வாழைப்பழ வாசம் லேசாக அடிக்கும். அதுதான் அந்த ஆபத்து அறிவிப்பு. அதே இடத்தை மற்ற தேனீக்களும் தேடி வரும். புகையை அங்கே காட்டிவிட்டு, பதறாமல் நகர்ந்துவிடலாம். வலியும் வீக்கமும் எல்லோருக்கும் உண்டு. ஆனால் உடம்பு முழுதும் தடித்தாலோ, தொண்டை இறுகினாலோ, மூச்சு முட்டினாலோ அது ஒவ்வாமை. அப்போது வீட்டு வைத்தியத்துக்கு நேரமில்லை, உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். அப்படிப்பட்ட உடம்புள்ளவர் தேனீ வளர்ப்பில் இறங்காமலிருப்பதே நல்லது.

சட்டத்தைத் தூக்கினால் எப்போதும் நெட்டுக்குத்தாகவே பிடியுங்கள். புது அடை வெயிலில் இளகியிருக்கும். படுக்கையாகத் திருப்பினால் பாரம் தாங்காமல் பிய்ந்து விழும். முதுகில் வெயில் விழ நின்று, அறைகளின் அடிவரை வெளிச்சம் போகும்படி சட்டத்தைச் சாய்த்துப் பாருங்கள். மேலே வளைவாகத் தேன் இருக்கும், அதற்குக் கீழே மஞ்சள், ஆரஞ்சு, சாம்பல் என்று பல நிறத்தில் மகரந்தம், நடுவில் புழு. இந்த நடுப்பகுதியில்தான் பார்க்கவேண்டியது இருக்கிறது. அறையின் அடியில் வெள்ளை நூல் துண்டுபோல ஒன்று நிற்கிறதா? அதுதான் முட்டை. இட்ட அன்று நேராக நிற்கும், மறுநாள் சாயும், மூன்றாம் நாள் படுத்துவிடும். பிறகு புழு, அதற்குப் பின் மூடிய அறைக்குள் கூட்டுப்புழு. வேலைத்தேனீ வெளியே வர முட்டையிலிருந்து மொத்தம் 18 முதல் 20 நாள்.

அருமனைப் பக்கம் நெடுங்காலமாகத் தேனீ வளர்க்கும் ஒரு பெரியவர், ராணியைப் பார்த்தாயா என்று புதியவர்களிடம் கேட்கவே மாட்டார். “முட்ட உண்டா மக்கா?” என்பதுதான் அவருடைய கேள்வி. ராணியைத் தேடுவது வீண் வேலை. அது வெளிச்சத்துக்கு ஓடி ஒளியும். தேடுகிற நேரமெல்லாம் பெட்டி திறந்தே கிடக்கும். நின்ற முட்டை ஒன்று கண்ணில் பட்டால் நேற்றோ இன்றோ ராணி அங்கே நடமாடியிருக்கிறது என்று பொருள். ஓர் அறைக்கு ஒரு முட்டை, அறையின் அடியில் நடுவே என்றால் எல்லாம் சரி. ஓர் அறையில் இரண்டு மூன்றாக, பக்கச் சுவரில் ஒட்டினாற்போல் கிடந்தால் ராணி இல்லை. ஏக்கத்தில் வேலைத்தேனீக்களே முட்டையிடத் தொடங்கிவிட்டன. அவை ஆணோடு கூடாதவை என்பதால் அந்த முட்டைகளிலிருந்து ஆண் தேனீ மட்டுமே வரும். அந்தக் கூட்டம் நிலைக்காது. பக்கத்துப் பெட்டியிலிருந்து முட்டையும் இளம்புழுவும் உள்ள சட்டம் ஒன்றைச் சீக்கிரமே கொடுத்தால், சில சமயம் புது ராணியை அதிலிருந்து வளர்த்துக்கொள்ளும்.

முட்டையைப் பார்க்கச் சொல்வதற்கு இன்னும் பெரிய காரணம் ஒன்று உண்டு. இந்தியத் தேனீ இரண்டு விதமாகக் கிளம்பும். எறும்பு, குளவி, கடும் வெயில், ஓயாத தொந்தரவு இவற்றால் கிளம்புவது திடீர் ஓட்டம். புழுவையும் அப்படியே விட்டுவிட்டுப் போகும். உணவு குறைந்ததால் கிளம்புவது நிதானமானது. மகரந்தம் வருவது குறைந்ததும் ராணிக்கு ஊட்டுவது குறைகிறது, முட்டையிடுவது நிற்கிறது. ஆனால் கூட்டம் உடனே போகாது. ஏற்கெனவே இட்ட முட்டை புழுவாகி, கூடாகி, கடைசித் தேனீயும் வெளிவரும்வரை காத்திருக்கும். அதற்குள் சேமித்த தேனைக் குடித்துத் தீர்க்கும். விட்டுப்போக எதுவும் மிச்சமில்லை என்றான பிறகே கிளம்பும். அடையில் முட்டையும் இளம்புழுவும் இல்லாமல் மூடிய அறைகள் மட்டுமே இருந்தால், புறப்பாடு முடிவாகிவிட்டது. உங்களுக்கு இன்னும் சில நாள் அவகாசம் இருக்கிறது. ஒரு பூச்சிக்கூட்டம் இப்படிக் கணக்குப் பார்த்து நடப்பதை முதன்முதலில் புரிந்துகொண்டபோது எனக்கு ஏற்பட்ட வியப்பு இன்றும் குறையவில்லை. வெறும் கொட்டும் பூச்சி என்று அதை அதற்குப் பின் நினைக்கவே முடிந்ததில்லை.

அந்த அவகாசத்தில் செய்யவேண்டியவை எளியவை. சர்க்கரைப் பாகு கொடுக்கவேண்டும். தேனீ மூடாத அடைகளை எடுத்துவிட்டு, மிச்சத்தை நெருக்கி வைக்கவேண்டும். எல்லாவற்றையும்விடப் பலன் தருவது, பலமான பெட்டியிலிருந்து வெள்ளைப் புழுக்கள் நிறைந்த சட்டம் ஒன்றைக் கொண்டுவந்து நடுவில் வைப்பது. ஊட்டவேண்டிய புழு இருக்கும்வரை கூட்டம் அவ்வளவு எளிதில் கிளம்பாது. வாசலில் ராணி நுழையமுடியாத தடுப்புத் தகடு வைப்பதும் உண்டு. அது சில நாளைக்கு மட்டுமே உதவும். போவதற்கான காரணத்தை அது நீக்குவதில்லை.

இதற்கு நேரெதிரானது டிசம்பர், ஜனவரியில் நடக்கும் பிரிவு. அது வறுமையால் வருவதில்லை, செழிப்பால் வருவது. கூட்டம் பெருத்து இடம் போதாமல் போகும்போது பழைய ராணி பாதிக் கூட்டத்தோடு வெளியேறும்; பெட்டியில் புது ராணி பிறக்கும். இதன் முதல் அறிகுறி அடிப்பலகையில் கிடக்கும். ஆண் தேனீ அறைகளின் மூடி, குவிந்த பழுப்புத் தொப்பிபோல, உச்சியில் குண்டூசி குத்தியதுபோன்ற ஒரு துளையோடு இருக்கும். அந்தத் தொப்பிகள் அடியில் சிதறிக் கிடந்தால் ஆண்கள் வரப்போகின்றன, பின்னாலேயே ராணி அறைகளும் வரும். அடையின் கீழ்விளிம்பில் நிலக்கடலை அளவில் தொங்குபவைதான் ராணி அறைகள். முதல் வருஷத்தில் என் யோசனை: தேன் பருவம் நெருங்கிவிட்டால் பிரிக்க வேண்டாம். ராணி அறைகளைக் கிள்ளிவிட்டு, மேலே தேன் அறையை வைத்து இடம் கொடுங்கள். இரண்டு நோஞ்சான் பெட்டிகளைவிடப் பலமான ஒரு பெட்டியில்தான் தேன் வரும்.

ஆண் தேனீ அறையைப் பற்றிச் சொல்லும்போது உண்ணியைப் பற்றியும் சொல்லவேண்டும். உலகமெங்கும் தேனீ வளர்ப்பவர்களை அலறவைக்கும் வரோவா உண்ணி, முதலில் ஆசியாவின் இந்தத் தேனீயிடம்தான் இருந்தது. நம் தேனீயோடு நெடுங்காலம் வாழ்ந்ததால் இரண்டும் ஒருவிதச் சமநிலைக்கு வந்துவிட்டன: இங்கே உண்ணி பெரும்பாலும் ஆண் புழு அறையில் மட்டுமே பெருகும், தேனீக்கள் ஒன்றையொன்று துடைத்து அதைக் களையவும் செய்யும். ஐரோப்பியத் தேனீயை ஆசியாவுக்குக் கொண்டுவந்த பின், இருபதாம் நூற்றாண்டில் உண்ணி அதன்மேல் தாவியது. அதற்கு இந்தத் தற்காப்பு இல்லாததால் லட்சக்கணக்கான பெட்டிகள் அழிந்தன. வெளிநாட்டுப் புத்தகத்தைப் படித்துவிட்டு நம் தேனீக்கு உண்ணி மருந்து வைக்கப் புறப்படாதீர்கள். கடந்தைக் குளவி வாசலில் வந்து வட்டமிட்டால் மட்டும் நாம் உதவலாம். அதன் கூட்டைத் தேடி அகற்றவேண்டும். தேனீயும் சும்மா இருப்பதில்லை. குளவியைப் பந்தாகச் சூழ்ந்துகொண்டு, தசையை அதிரவைத்து உள்ளே ஏறத்தாழ 46 டிகிரிவரை சூடேற்றிக் கொன்றுவிடும். ஜப்பானில் இதே இனத் தேனீயை வைத்து இதை அளந்து காட்டியிருக்கிறார்கள்.

ஜனவரியில் ரப்பர் மரங்கள் இலையை உதிர்த்துவிட்டுத் தளிர்க்கத் தொடங்கும். மார்த்தாண்டம் தேனில் பெரும்பகுதி பூவிலிருந்து வருவதில்லை என்று சொன்னால் பலர் நம்புவதில்லை. ரப்பர் இலை ஒரே காம்பில் மூன்று சிற்றிலைகளாக இருக்கும். அந்த மூன்றும் கூடும் இடத்தில் சிறு சுரப்பிகள் உண்டு. செம்பழுப்பாக இருக்கும் தளிர் பச்சைக்கு மாறும் சில வாரங்களில் அவை இனிப்பு நீரைச் சொரியும். விடியற்காலையில் ஒரு தாழ்ந்த கிளையை வளைத்துப் பார்த்தால் காம்பின் நுனியில் கண்ணாடி மணிபோலத் துளி நிற்பது தெரியும். விரலில் தொட்டு நாக்கில் வைத்தால் தித்திக்கும். அமேசான் காட்டிலிருந்து வந்த மரம், நம் காட்டுத் தேனீ, இரண்டும் இந்தத் துளியில் சந்திக்கின்றன. அந்த வாரங்களில் பனிமூட்டத்தால் தளிரில் சாம்பல் நோய் விழுந்தாலோ, எதிர்பாராத மழை பெய்தாலோ தேன் குறைந்துவிடும். இன்னொன்றும் உண்டு: இலைச் சுரப்பியில் மகரந்தம் கிடையாது. புழுவுக்குப் புரதம் வேண்டுமே, அதைத் தென்னையும் மற்றப் பூக்களும் தருகின்றன. ரப்பர் மட்டுமே நெடுந்தூரம் பரவிய இடத்தைவிட, நடுநடுவே தென்னையும் வாழையும் கலந்த சிறு தோட்டங்களில் கூட்டம் நன்றாக நிற்பதற்கு இதுவே காரணம்.

வயிற்றில் கொண்டுவந்த நீரை வேலைத்தேனீ வீட்டுத்தேனீயிடம் வாய்க்கு வாய் கொடுக்கும். அது தன் சுரப்பைக் கலந்து, துளியை நாக்கில் திரும்பத் திரும்ப விரித்துக் காட்டி நீரை ஆவியாக்கும். சுரப்பில் உள்ள நொதிகள் கரும்புச் சர்க்கரையைக் குளுக்கோஸாகவும் பிரக்டோஸாகவும் உடைக்கும். பிறகு அறையில் ஊற்றி, இரவெல்லாம் சிறகால் விசிறி, நீர் ஐந்தில் ஒரு பங்குக்கு வந்ததும் மெழுகால் மூடும். அறைகளில் முக்கால் பங்காவது மூடிய சட்டத்தை மட்டும் எடுங்கள் என்று சொல்வது இதற்காகத்தான். மூடாத தேனில் நீர் அதிகம். பாட்டிலில் நுரைத்துப் புளித்துவிடும். மெழுகு மூடியைக் கத்தியால் சீவி, சுழற்றும் கருவியில் வைத்துச் சுற்றினால் தேன் தெறித்து இறங்கும். காலி அடையைத் திரும்பக் கொடுத்தால் கட்டும் வேலை மிச்சம், பத்து நாளில் மறுபடி நிரப்பிவிடும். புழு அறையில் இருக்கும் தேன் எந்தக் காலத்திலும் நம்முடையதில்லை. அதில் கைவைத்தவர்தான் ஜூனில் காலிப் பெட்டியைப் பார்க்கிறவர். இந்தியத் தேனீயின் சராசரி, ஆண்டுக்கு ஒரு பெட்டியில் 6 முதல் 8 கிலோ. முதல் வருஷத்தில் அதில் பாதி கிடைத்தாலும் மகிழலாம்.

ரப்பர் தேன் சீக்கிரம் உறையும். அடியில் வெள்ளையாகப் படிந்ததும் சர்க்கரை கலந்துவிட்டதாக வாங்கியவர் சண்டைக்கு வருவார். குளுக்கோஸ் படிகமாவதுதான் அது. பாட்டிலை வெந்நீரில் நிறுத்தினால் இளகும், அடுப்பில் நேரடியாக வைத்தால் மணமும் குணமும் கெடும். எறும்பு மொய்க்காதது, தண்ணீரில் கரையாமல் இறங்குவது என்று சொல்லப்படும் வீட்டுச் சோதனைகள் எதையும் நம்ப முடியாது. நம்பத்தக்க ஒன்று வளர்ப்பவரின் நேர்மை: தேன் அறை மேலே இருக்கும் மாதங்களில் சர்க்கரைப் பாகைப் பெட்டிக்குப் பக்கத்தில்கூடக் கொண்டுபோகக் கூடாது. அந்தப் பாகையும் தேனீ அறையில் கொட்டி மூடிவைக்கும். அது தேனாக விற்கும், ஆனால் தேன் இல்லை.

ஏப்ரல் முடிவில் தேன் அறையை இறக்கிவிடவேண்டும். ஜூனில் மழை பிடித்ததும் பஞ்சகாலம்; செப்டம்பர்வரை நீளும். புதியவர்களின் பெட்டிகளில் பெரும்பாலானவை காலியாவது இந்த நான்கு மாதத்தில்தான், பெட்டியை மறந்துவிடுவதால். இந்தக் காலத்தில் வாரம் ஒருமுறை 200 கிராம் சர்க்கரையை அதே அளவு தண்ணீரில் கரைத்து, சிரட்டையில் ஊற்றி, மூழ்காமலிருக்க இரண்டு குச்சி மிதக்கவிட்டு, சட்டங்களுக்கு மேலே வைக்கவேண்டும். அந்தி சாய்ந்தபின், எல்லாப் பெட்டிகளுக்கும் ஒரே நேரத்தில் கொடுக்கவேண்டும். பகலில் ஒன்றுக்கு மட்டும் கொடுத்தால் பலமான கூட்டம் வாசனை பிடித்து வந்து நலிந்ததைக் கொள்ளையடிக்கும்; வாசலில் தேனீக்கள் கட்டிப்புரண்டு சாகும். சிந்திய பாகைத் துடைத்துவிடுங்கள்.

மழைக்காலத்தின் இன்னொரு எதிரி மெழுகுப்பூச்சி. சாம்பல் நிற அந்துப்பூச்சி இரவில் நுழைந்து முட்டையிடும். அதன் புழு அடைக்குள் பட்டு நூல் சுரங்கம் இட்டுப் போகும். அடை முழுதும் வலைபின்னிக் கறுத்துப் போனபின் தேனீ அங்கே இருக்காது. தேனீ மூடியிருக்கும் அடையில் இந்தப் பூச்சிக்கு வழியில்லை. ஆளில்லாத அடையில்தான் அது குடியேறும். ஆறு சட்டத்தில் மூன்றுக்குத்தான் தேனீ இருக்கிறதென்றால் மற்ற மூன்றையும் எடுத்துவிடுங்கள். கறுத்த அடையை உருக்கி மெழுகாக்கிவிடுங்கள். நம் தேனீக்குப் பழைய அடை பிடிக்காது, தானே கடித்துத் துகளாக்கித் தள்ளும். அடிப்பலகையில் சேரும் அந்தத் துகள்தான் அந்துப்பூச்சிக்கு முதல் தீனி. வாரம் ஒருமுறை பலகையைத் தட்டித் துடைப்பது ஐந்து நிமிட வேலை. அந்த ஐந்து நிமிடம் காப்பாற்றிய பெட்டிகள் எத்தனையோ.

நோய்களில் ஒன்றை மட்டும் அவசியம் அடையாளம் தெரிந்து வைத்துக்கொள்ளவேண்டும். தாய்லாந்தில் முதலில் கண்டறியப்பட்டதால் தாய் சாக்புரூட் என்று பெயர்பெற்ற வைரஸ் நோய் 1991, 92இல் கேரளத்தையும் குமரியையும் தாக்கி, இருந்த இந்தியத் தேனீக் கூட்டங்களில் பெரும்பாலானவற்றை அழித்தது. பெட்டிகளைக் கொல்லையில் அடுக்கிப்போட்டுவிட்டு வேறு வேலை தேடிப்போன குடும்பங்கள் உண்டு. நோய் கண்ட புழு அறையில் சுருண்டு கிடக்காமல் நீட்டி நிமிர்ந்து கிடக்கும், தலைப்பக்கம் கறுத்து மேலே தூக்கியிருக்கும்; முள்ளால் மெல்ல எடுத்தால் நீர் நிரம்பிய பைபோல் தொங்கும். வைரஸ் என்பதால் மருந்து இல்லை. அந்தப் பெட்டியைத் தனியே நகர்த்தி, அதன் சட்டத்தையோ பாகுச் சிரட்டையையோ மற்றதற்குக் கொண்டுபோகாமலிருப்பதே தடுப்பு. ராணியைச் சில நாள் அடைத்துவைத்து முட்டையிடுவதை நிறுத்தினால், நோய்ப்புழுக்களை அப்புறப்படுத்திக் கூட்டம் தேறுவதும் உண்டு.

1992க்குப் பிறகு குமரியில் தேனீ திரும்ப வந்ததற்கு வழி செய்தவை, நோய்க்கும் மழைக்கும் தப்பி மிஞ்சியிருந்த சில கூட்டங்கள்தாம். அவற்றைப் பிரித்துப் பிரித்தே மறுபடி பெருக்கினார்கள். செப்டம்பரில் உங்கள் இரண்டு பெட்டிகளையும் திறக்கும்போது இது நினைவிருக்கட்டும். எதில் தேன் அதிகம் கிடைத்தது என்பதைவிட, எது குறைந்த பாகில் மழையைத் தாண்டியது, எதில் ஒரு வாரம்கூட முட்டையிடுவது நிற்கவில்லை, எதில் நோய்ப்புழு ஒன்றுகூட இல்லை என்று பாருங்கள். வேலைத்தேனீக்கள் காலில் மகரந்த உருண்டையோடு வரத்தொடங்கியதும் அந்தப் பெட்டியில் ஒரு சட்டம் கூட்டுங்கள், இரண்டு வாரம் கழித்து இன்னொன்று. பிரிப்பதாக இருந்தால் அதிலிருந்து பிரியுங்கள்.